மூணு தண்ணி வீட்டுப் புகை

எதிர்வீட்டு இன்ஜினியருக்கு ‘மூணு தண்ணி’ என்று பெயர் வைத்தது நான் இல்லை. வைத்தது தெருக்கோடித் தையலக்கா. பரப்பியது மட்டும்தான் நான்.

குடிக்கிற தண்ணீர், வீட்டிலிருந்து வெளியே போகிற தண்ணீர், வானத்திலிருந்து விழுகிற தண்ணீர் ஆகிய மூன்றுக்கும் நகராட்சியில் அவள்தான் பொறுப்பு. சின்ன நகரம், மூன்றுக்கும் தனித்தனியாக ஆள் போட வக்கில்லை. ஆகவே குழாயில் வெறும் காற்று வந்தாலும் அவளைத் திட்டுவோம், சாக்கடை அடைத்துக்கொண்டாலும் அவளைத் திட்டுவோம். மழை பொய்த்தால்கூட சில பேர் அவள் வீட்டுக் கேட்டைப் பார்த்துத்தான் பெருமூச்சு விடுவார்கள்.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. காலையில் ஸ்கூட்டரைக் கிளப்பும்போதே தெருவை ஒரு நோட்டம் விடுவாள். “என்னக்கா, தொட்டி வழியுது, இன்னும் மோட்டாரை நிறுத்தலையா? தெருவைக் குளிப்பாட்டறீங்களா?” என்று என்னைப் பல நாள் கேட்டிருக்கிறாள். மழைத்தண்ணீர் விஷயத்தில் இன்னும் மோசம். மொட்டை மாடித் தண்ணீரைத் தெருவில் விடக் கூடாது, தோட்டத்தில் குழி வெட்டி மண்ணுக்குள் இறக்க வேண்டும் என்று கூட்டம் போட்டுச் சொல்வாள். சொன்னபடி நடந்தும் காட்டினாள். எப்பேர்ப்பட்ட மழையிலும் அவள் வீட்டிலிருந்து ஒரு சொட்டு வெளியே வந்து நான் பார்த்ததில்லை. நான் பார்க்கவில்லை என்றால் வரவில்லை என்றுதான் அர்த்தம். அந்த வீட்டைப் பார்ப்பதற்கென்றே என் ஜன்னலுக்குத் திரை போடாமல் வைத்திருக்கிறேன்.

இனி தையலக்கா சமாச்சாரம். தெரு சரிந்து இறங்கி முடிகிற இடத்தில் அவள் வீடு. முன்னறையில் தையல் இயந்திரம், நடுவில் படுக்கை, பின்னால் சமையலும் குளியலறையும். கொஞ்ச காலமாக, மழை வலுத்தால் போதும், குளியலறை ஓட்டை வழியாகச் சாக்கடை மேலே ஏறி வர ஆரம்பித்தது. முதலில் குமிழி விடும். பிறகு கறுப்பாக எட்டிப் பார்க்கும். அப்புறம் நிதானமாக நடந்து முன்னறைக்கு வந்துவிடும், அளவு கொடுக்க வந்த ஆள் மாதிரி. போன மழையில் தைத்து அடுக்கி வைத்திருந்த பள்ளிச் சீருடைகள் மொத்தமும் நாசம். தெருவில் இருக்கிற அத்தனை பேரும் போய் எட்டிப் பார்த்தோம். மூக்கைப் பொத்திக்கொண்டு வருத்தப்பட்டோம்.

அவளுடைய அண்ணன் வந்தான். வேறு ஊரில் ஒரு வீடு பார்த்து வைத்திருந்தான். “இங்க இருந்து என்னத்தக் கண்ட? மூட்டையைக் கட்டு” என்றான்.

“அந்த ஊர்ல என் கை யாருக்குடா தெரியும்? இங்கன்னா கண்ணை மூடிக்கிட்டுத் துணியைக் குடுத்துட்டுப் போறாங்க.”

“மூக்கையும்ல மூடிக்கிட்டுக் குடுக்கறாங்க.”

கடைசியில் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். அடுத்த பெருமழையில் சாக்கடை உள்ளே வந்தால் மறுநாளே லாரி வரும். வராவிட்டால் அண்ணன் வாயைத் திறக்கக் கூடாது. தையலக்கா இயந்திரத்தைச் செங்கல் மேல் தூக்கி வைத்தாள். புதுத் துணி வாங்குவதை நிறுத்தினாள். வானம் வேறு மூட்டம் போட ஆரம்பித்தது.

மூணு தண்ணிக்கு அந்த நாட்களில் முகமே சரியில்லை. எங்கள் தெருவுக்கு அடியில் இரண்டு குழாய் ஓடுகிறது. மழைத்தண்ணீருக்குப் பெரியது, சாக்கடைக்குச் சின்னது. சின்னதற்குள் மழைத்தண்ணீர் புகுந்தால் தாங்காது, தாழ்வான வீட்டில் பொங்கும். எப்படிப் புகுகிறது என்பதுதான் கேள்வி. யாராவது மாடித் தண்ணீரைத் திருட்டுத்தனமாக அதில் விட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ரோட்டுக்கு அடியில் குழாயே நொறுங்கி, மண்ணோடு சேர்த்து மழையையும் குடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

“குழாய் நொறுங்கியிருந்தா என்ன பண்ணுவே?” என்று நான் கேட்டேன். தெரிந்துகொள்ளத்தான்.

“தெருவையே தோண்டணும்க்கா. நிதி கேட்டு எழுதணும். வர்றதுக்குள்ள தையலக்கா போயிருப்பாங்க, நான் ரிட்டையர் ஆகியிருப்பேன்.”

வீடு வீடாகக் கேட்டாள். எல்லோரும் சாமி சத்தியமாகத் தங்கள் வீட்டில் அப்படி எதுவும் இல்லை என்றார்கள். எங்கள் வீட்டு மாடித் தண்ணீர் தெருவில் ஓடுவதை அவளே பார்த்துத் திட்டியிருக்கிறாள் என்பதால் எங்களைக் கேட்கவில்லை. அன்று எனக்கு அது ஒரு பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு ஒரு நாள் சாயங்காலம் கேட் கேட்டாக நின்று அறிவிப்புச் செய்தாள். “நாளைக்குக் காலைல சாக்கடைக் குழாய்க்குள்ள புகை ஊதப் போறோம். தீப்பிடிச்சிருச்சுன்னு யாரும் ஓடாதீங்க. மாடியில நீட்டிக்கிட்டு இருக்கற காத்துக் குழாய்ல வந்தா அது முறை. மழைத்தண்ணிக் குழாய்ல வந்தா அந்த வீட்டுக்காரங்களுக்கு என்கிட்ட வேலை இருக்கு. பாத்ரூம் ஓட்டைல எல்லாம் ராத்திரியே ஒரு வாளி தண்ணி ஊத்தி வைங்க.”

“அது எதுக்கு?”

“ஓட்டைக்குக் கீழ குழாய் வளைஞ்சு இருக்கும்ல, அதுல தண்ணி நின்னாதான் நாத்தம் மேல வராது. புழங்காத பாத்ரூம்னா அது காஞ்சு போயிருக்கும், புகை வீட்டுக்குள்ளயே வந்துடும்.”

எங்கள் பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற தலைமையாசிரியருக்கு இது பெரிய அவமானமாகிவிட்டது. அவரைத் தெருவில் பச்சைத்தண்ணி சார் என்போம். விடியற்காலையில் பச்சைத்தண்ணீர், சாயங்காலம் பச்சைத்தண்ணீர், அதனால்தான் இந்த வயசிலும் சளி பிடித்ததில்லை என்று கேட்காதவரையும் நிறுத்திச் சொல்வார். “ரெண்டு வேளை குளிக்கிறவன் வீட்டுல வந்து தண்ணி ஊத்தச் சொல்றியேம்மா. கடல்ல ஒரு வாளி ஊத்தச் சொல்லுவே போல” என்றார்.

“ஊத்தினா நஷ்டமில்ல சார்.”

“எனக்குத் தெரியும், நீ போ.”

மறுநாள் காலையில் நடுத்தெரு மேன்ஹோல் மூடியைத் தூக்கி வைத்து, அதன் மேல் மின்விசிறி மாதிரி ஓர் இயந்திரத்தைப் பொருத்தினார்கள். நான் சமையலை அரைகுறையாக விட்டுவிட்டு எங்கள் மொட்டை மாடியில் இடம் பிடித்தேன். இயந்திரம் உறுமியது. கொஞ்ச நேரத்தில் வீட்டுக்கு வீடு மாடிக் காற்றுக் குழாய்களில் வெள்ளையாகப் புகை எழும்பியது. அழகாகத்தான் இருந்தது.

முதல் கூச்சல் பச்சைத்தண்ணி சார் வீட்டிலிருந்து. கூச்சல் என்றால் இருமல். சார் துண்டோடு வாசலுக்கு ஓடி வந்தார். அவருக்குப் பின்னால் குளியலறை ஜன்னலிலிருந்து புகை குபுகுபுவென்று வந்தது. தெரு மொத்தமும் ஒரு நிமிடம் கணக்குப் போட்டது. வளைவில் தண்ணீர் இல்லை. தண்ணீர் இல்லையென்றால் யாரும் அங்கே குளிக்கவில்லை. ஒரு நாள் இரண்டு நாள் குளிக்காமல் இருந்தால் அது காயாது.

“என்ன சார், கடல் வத்திப் போச்சா?” என்றாள் தையலக்கா கீழேயிருந்து.

“அது... நான் பின்னாடி குழாயடில குளிக்கிறது வழக்கம்” என்றார் சார்.

அவர் வீட்டுப் பின்புறத்தில் குழாயே கிடையாது. அது எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள்தான் நான் எதிர்மாடியைப் பார்த்தேன். மூணு தண்ணியின் வீட்டுக்காரர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிற சாது. காலடியில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் போர்வையை உதறிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், தரையோடு தரையாக, மழைத்தண்ணீர் இறங்குகிற வாயிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. லேசாக இல்லை. செங்கல் சூளை மாதிரி.

என் நாக்கு எப்படித் துடித்திருக்கும் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வாய் வரவில்லை. இத்தனை காலம் அந்த வீட்டிலிருந்து ஒரு சொட்டும் தெருவுக்கு வரவில்லை என்று பார்த்துப் பார்த்துப் பூரித்தேனே, அது எங்கேதான் போகிறது என்று ஒரு நாளாவது யோசித்தேனா?

அதற்குள் அவரே பார்த்துவிட்டார். கைப்பிடிச் சுவரில் எட்டி, “ஏம்மா, நம்ம மாடியில புகையுதே, நீ பண்றதா?” என்று மனைவியைக் கேட்டார்.

தெருவே அண்ணாந்து பார்த்தது. மூணு தண்ணி இடுப்பில் கை வைத்து அந்தப் புகையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் முகம் சுருங்கும், கறுக்கும் என்று காத்திருந்தேன். அவளோ நெஞ்சில் கை வைத்து, ரொம்ப நாள் அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டாள்.

“அப்பாடா” என்றாள். “குழாய் நொறுங்கல.”

பக்கத்தில் நின்ற மேஸ்திரியிடம், “எழுதிக்குங்க. முதல் வீடு, என் வீடு” என்றாள்.

வீட்டுக்காரர் கீழே இறங்கி வந்தார். தோளில் இன்னும் போர்வை.

“இந்தக் குழாயை எங்க விட்டீங்க?”

“மாடி ரூம் கட்டும்போது நீ பயிற்சிக்குப் போயிருந்தேல்ல, அப்ப பிளம்பர்தான் விட்டான். ஒரு சொட்டு தெருவுக்கு வரக் கூடாதுன்னு நீ சொல்லிட்டுப் போனே. தோட்டத்துக் குழில விடலாம்னா, அது பக்கத்துல புதுசா வச்ச செடி அழுகிடும்னு அதையும் நீதான் சொன்னே. அவன், ‘நான் பாத்துக்கறேன் சார், தண்ணி போற இடமே தெரியாது’ன்னான். எனக்கும் தெரியல.”

“ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டி விடறீங்க” என்றாள் அவள். உதட்டோரம் சிரிப்பு வந்துவிட்டது.

அவள் வீட்டோடு முடிந்திருந்தால் ஒரு மாடித் தண்ணீர், அதற்கா இவ்வளவு பாடு என்று கேட்கலாம். மேட்டுப் பக்கம் வரிசையாக ஐந்தாறு வீடுகளில் அதே புகை. எல்லா இடத்திலும் அதே பிளம்பர். சத்தியம் பண்ணினவர்களைக் கேட்டால் ஒருத்தருக்கும் பொய் சொன்ன முகமே இல்லை.

“திருட்டுத்தனமா? என்னங்க இப்படிச் சொல்றீங்க” என்றார் மளிகைக்கடைக்காரர். “இன்ஜினியரம்மா வீட்டுல போட்ட மாதிரியே போட்டுத் தர்றேன்னான். நகராட்சி முறையே அதுதான்னு நெனச்சுல்ல நாங்க போட்டோம்.”

அந்தப் பிளம்பர் இவள் பெயரைச் சொல்லியே தெருவைப் பிடித்திருக்கிறான். இவள் போட்ட கூட்டத்தை யாரும் காதில் வாங்கவில்லை. இவள் வீட்டுக் குழாயை மட்டும் எல்லோரும் பார்த்துப் பின்பற்றியிருக்கிறார்கள்.

அவள் நேரே தெருக்கோடிக்கு நடந்தாள். நானும் போனேன், எனக்கும் அந்தப் பக்கம் ஒரு வேலை இருந்தது.

“அக்கா, உங்க வீட்டுக்குள்ள வந்தது எங்க மாடித் தண்ணி” என்றாள் மூணு தண்ணி.

தையலக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். “அது மட்டுமா வந்துச்சு?”

மூணு தண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். அதை நான் கண்ணால் பார்த்தேன், அதுவே எனக்குப் போதும்.

“மாடித் தண்ணி மட்டும் வந்திருந்தா துணி அலசியிருப்பேன்” என்றாள் தையலக்கா. “சரி, இப்ப என்ன செய்யப் போறே?”

“அறுக்கப் போறோம். இன்னிக்கே.”

அறுத்தார்கள். கண்ணாடிக்கடைக்காரரே ரம்பப் பிளேடை எடுத்து வந்து, தன் வீட்டுக் குழாயைத் தானே அறுத்தார். கோணலாகத்தான் அறுத்தார். சாக்கடைப் பக்கத்து வாயை மூடி போட்டு அடைத்து, மேல் குழாயில் எல்போ என்கிற வளைவுத் துண்டு ஒன்றைச் சொருகி, தோட்டத்துக் குழிக்குத் திருப்பினார்கள். செடியைப் பிடுங்கி இடம் மாற்றினார்கள். மற்ற வீட்டுக்காரர்களும் முறையைப் பார்க்கத் திரும்ப அங்கேதான் வந்தார்கள். “இந்தத் தடவை நல்லாப் பாத்துக்குங்க” என்றாள் மூணு தண்ணி.

கடைசி வீட்டில் பசை காய்ந்ததோ இல்லையோ, மழை பிடித்துக்கொண்டது. மதியத்தில் இருட்டிவிட்டுப் பெய்த மழை. தையலக்கா வீட்டில் அன்று பார்த்து எல்லோருக்கும் வேலை. நான் ஒரு தலையணை உறையோடு போனேன். மளிகைக்கடைக்காரர் பட்டன் அறுந்த சட்டையோடு வந்தார். அந்தப் பட்டனை அவரே அறுத்திருப்பார் என்று எனக்குச் சந்தேகம். பச்சைத்தண்ணி சார் சும்மாவே வந்து நின்றார். சோப்பு வாசனை அடித்தது. ஒருத்தரும் தையல் பற்றிப் பேசவில்லை. எல்லோரும் குளியலறை வாசலில் நின்று அந்த ஓட்டையைப் பார்த்தோம். தையலக்கா கையில் பழந்துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டு ஓரமாகக் குந்தியிருந்தாள்.

மூணு தண்ணி நனைந்துகொண்டு வெளியே மேன்ஹோல் பக்கம் நின்றாள்.

ஓட்டை ஒரு தரம் ‘களுக்’ என்றது. ஒரு குமிழி வந்து நின்றது. தையலக்கா துணியை இறுக்கினாள். சாருக்கு இருமல் வந்து, அடக்கிக்கொண்டார். குமிழி உடைந்தது. உள்ளே எங்கோ தண்ணீர் இறங்குகிற சத்தம், ஒருவர் தண்ணீர் குடித்து முடித்தது மாதிரி. அதோடு சரி. மழை கூரையைப் பிய்த்துக்கொண்டு அடித்தது, ஓட்டைக்குள் இருந்து எதுவும் வரவில்லை.

மூணு தண்ணி வாசலில் வந்து தலையை நீட்டினாள். மழைக்கோட்டையும் மீறிச் சேலை நனைந்து முழங்காலோடு ஒட்டிக் கிடந்தது. “குழாய் பாதி காலியாத்தான் ஓடுது” என்றாள். அவள் குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. மழைச் சத்தத்தில் மற்றவர்களுக்குக் கேட்டிருக்காது.

தையலக்கா எழுந்தாள். பழந்துணியை மூலையில் எறிந்தாள். “யாராவது ஒரு கை குடுங்க” என்றாள். சாரும் மளிகைக்கடைக்காரரும் பிடிக்க, இயந்திரத்தைச் செங்கல் மேலிருந்து கீழே இறக்கினார்கள். அப்போது அவள் கைபேசி அடித்தது. அண்ணன்.

“இங்க நல்ல மழைடா” என்றாள். “ஆமா. இல்ல, வரல. ஈரமே இல்லங்கறேன். லாரிக்காரன்கிட்டச் சொல்லிடு. தைக்கறதுக்கு ஆளுங்க வரிசையா நிக்கறாங்க, நான் அப்புறம் பேசறேன்.”

கைபேசியை வைத்துவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தாள். “வேடிக்கை பாத்தது போதும். துணியைக் குடுக்கறவங்க குடுங்க.”

நான் தலையணை உறையைக் கொடுத்தேன். அடுத்து மளிகைக்கடைக்காரரின் சட்டை போயிற்று. மூணு தண்ணி தன் மழைக்கோட்டைக் கழற்றி, கிழிந்து தொங்கிய பையைக் காட்டினாள். “அக்கா, இதையும் கொஞ்சம் பாருங்களேன்.”

தையலக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே அவளை மேலும் கீழும் பார்த்தாள். “உன்னுது கடைசி” என்றாள்.

மூணு தண்ணி சொட்டச் சொட்ட வரிசையின் கடைசியில் போய் நின்றாள். கடைசியாக நிற்கச் சொன்னதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை நான் பார்த்ததே இல்லை.