பாதி மூடி மருந்து

குழந்தைகள் வார்டில் அடுத்தடுத்த கட்டில்கள். ஒன்றில் தையல்காரியின் மகன், மற்றதில் டிரைவர் மனைவியின் மகள். இருவருக்கும் ஒரே ரத்த நோய். புது மருந்தைச் சோதிக்கிறார்கள். ஒரு குழந்தைக்கு மருந்து, இன்னொன்றுக்கு வெறும் சர்க்கரைத் தண்ணீர். பாட்டிலில் எண் மட்டும்தான். எது எதுவென்று டாக்டருக்கே தெரியாது.

தையல்காரிக்குத் தெரிந்துவிட்டது. முதல் பத்து நாளில் அவள் மகன் எழுந்து உட்கார்ந்தான், சண்டை போட்டான். பக்கத்துக் குட்டி சுருண்டே கிடந்தது.

"அக்கா, ரெண்டையும் கலந்து பாதிப் பாதி கொடுத்துடலாமே" என்று டிரைவர் மனைவி கையைப் பிடித்தபோது மறுக்க மனம் வரவில்லை. அன்று முதல் தினமும் காலையில் ஒரே டம்ளரில் கலந்தார்கள்.

இன்று நர்ஸ் தையல்காரியைத் தனியாக அழைத்தாள்.

"ரெண்டு பேர் ரத்தத்துலயும் பாதி மருந்துதாம்மா இருக்கு. கலக்குறீங்களா? பாதி அளவு யாருக்கும் வேலை செய்யாது. ரெண்டு உயிரும் போயிடும். அடுத்த ரத்த டெஸ்ட்லயும் இப்படி வந்தா நானே மேல சொல்லியாகணும், ரெண்டு பேரையும் சோதனையிலேர்ந்து நிறுத்திடுவாங்க."

மகன் மறுபடி படுக்கையோடு படுக்கையாகிவிட்டதன் காரணம் இப்போது புரிந்தது.

டிரைவர் மனைவி டம்ளரோடு வந்தாள். "இன்னிக்கு என் பங்கைக் குறைச்சுக்கங்கக்கா. உங்க ராஜா நேத்து ஒண்ணுமே சாப்பிடல."

தையல்காரி நர்ஸ் சொன்னதை அப்படியே சொன்னாள்.

டிரைவர் மனைவி கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். "அப்போ எது நிஜ மருந்துன்னு உங்களுக்குத் தெரியுமாக்கா?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"அப்படின்னா சீட்டுக் குலுக்கிப் போடுவோம். எந்த பாட்டில் யாருக்குன்னு வரட்டும். அதுதான் நியாயம், இல்லையா?"

தையல்காரியின் கை தன் பாட்டிலை இறுக்கிப் பிடித்தது.

"வேணாம்."

ஒரே சொல்தான். டிரைவர் மனைவி அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு தையல்காரியின் முகத்தைப் பார்த்தாள். திட்டவில்லை, அழவில்லை. டம்ளரை ஸ்டூலில் வைத்துவிட்டு, தன் பாட்டிலைத் திறந்து மூடி நிறைய ஊற்றினாள்.

"எழுந்திருடி கண்ணு, இனிப்பா இருக்கும்."

தையல்காரியும் மூடி நிறைய ஊற்றினாள். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.