எல்லா மாடியிலும் நின்ற லிஃப்ட்

லிஃப்ட் மெக்கானிக்கின் மகள் லிஃப்டில் ஏறமாட்டாள். பேக்கரிக்காரர் மகள் பன்னைக் கண்டாலே ஓடுவாள் என்றால்கூட நம்பிவிடலாம். இதை யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் அம்மா இறந்ததிலிருந்து அப்படித்தான். சனிக்கிழமை காலையில் நூலகக் கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கு அவள் படியேறிப் போவாள். பின்னால் அப்பா, புஸ் புஸ் என்று மூச்சு வாங்கிக்கொண்டு.

"ஏண்டா ஸ்க்ரூ, லிஃப்ட் பயமா இருக்கா?"

"இல்லையே."

"அப்புறம் என்ன?"

"படி ஏறினா தொப்பை குறையும்ப்பா. உங்களுக்குத்தான் நல்லது."

எட்டு வயது. ஸ்க்ரூ என்பது அப்பா வைத்த பெயர். தவழும் வயதிலேயே அவருடைய கருவிப் பெட்டிக்குள் கையை விட்டு ஒரு திருகாணியை எடுத்துக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டவள். இப்போதும் அப்படியேதான் எதையோ பிடித்துவைத்திருக்கிறாள், கையைத் திறந்து காட்டமாட்டேன் என்கிறாள் என்பது அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. எது என்று தெரியவில்லை. ஒரு மோட்டார் முனகினால் எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடக்கூடியவருக்கு, மகள் ஏன் சரியாகத் தூங்குவதில்லை என்பது பிடிபடவே இல்லை.

மூன்றாம் மாடியில் இருந்தது, வீட்டில் யாரையாவது பறிகொடுத்த பிள்ளைகளுக்கான அறை. அதை நடத்துகிறவள் கழுத்தில் எப்போதும் ஒரு கத்தரிக்கோல் நாடாவில் தொங்கும். அதனால் கத்தரி அக்கா. அந்த அறை எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பார்ப்பதற்கு அது வெறும் அட்டையும் பசையும் கத்தலுமாகத்தான் இருக்கும்.

முதலில் மேஜை. சுவரை ஒட்டி நீளமாகப் போட்டிருக்கும். பிள்ளைகள் பஸ்ஸில் உட்கார்வதுபோல் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்கள். எதிரில் உட்கார்ந்து முகத்தைப் பார்த்து, "சொல்லும்மா, மனசுல என்ன இருக்கு?" என்று கேட்டால், மனசில் இருப்பது இன்னும் உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். கண் பசைமேல் இருந்து, கை வெட்டிக்கொண்டிருந்தால், வாய் தன் காவலை மறந்துவிடும். அடுத்தது, அக்காவின் சட்டம்: பிள்ளையிடம் கேள்வி கேட்கக்கூடாது. பிள்ளை செய்த பொருளிடம்தான் கேட்க வேண்டும். அதன் குரலில் பதில் வரும், வராமலும் போகும். அதைச் செய்த கைக்குச் சொந்தக்காரர்மேல் எந்தப் பழியும் வராது.

உதாரணத்துக்கு வாலு. அவன் அண்ணன் போன வருஷம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரவில்லை. முட்டை அட்டையை மடித்து வாலு ஒரு முதலை செய்திருந்தான்.

"முதலையாரே, இந்த வாரம் யாரைச் சாப்பிட்டீங்க?" என்று கேட்டாள் அக்கா.

"பெரிய டாக்டர்," என்றது முதலை, கரகரப்பாக. "கண்ணாடியோட."

"செரிச்சுதா?"

"டாக்டர் செரிச்சுட்டாரு. கண்ணாடிதான் ஏப்பத்துல வருது." முதலை கொஞ்சம் யோசித்தது. "அவரு வயித்துக்குள்ளயும் தேடிப் பாத்துட்டேன். அண்ணன் இல்ல."

"அடுத்த வாரம் எங்க தேடுவீங்க?"

"பார்க்கலாம். முதல்ல பல்லு வெக்கணும். பசையைக் குடுங்க."

இப்படித்தான் போகும் அங்கே. பெரியவர்களுக்கு உள்ளே அனுமதி கிடையாது. பெரியவர்கள் வந்தால் கோணலாக ஒட்டியதை நேராக்குவார்கள், எல்லாம் கெட்டுவிடும். அப்பா வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருப்பார்.

அன்று ஸ்க்ரூ ஒரு லிஃப்ட் செய்தாள். ஷூ பெட்டியை நிமிர்த்தி ஐந்து மாடி. ஒரு தீப்பெட்டிதான் ஆள் ஏறும் பெட்டி. மேலே குறுக்கே ஒரு பென்சில், அதன்மேல் நூல். பக்கத்தில் சட்டைப் பொத்தான்களை வரிசையாக ஒட்டியிருந்தாள், மாடிக்கு ஒன்று. நூலை இழுத்தால் தீப்பெட்டி மேலே போகும். விட்டால் டொப்பென்று கீழே விழும். மறுபடி இழுப்பாள். மறுபடி டொப்.

வராந்தாவில் ஒவ்வொரு டொப்புக்கும் அப்பாவின் தோள் துள்ளியது. நல்ல சமையல்காரருக்குப் பக்கத்து வீட்டில் தீயும் வாசனை எப்படியோ, அப்படி அவருக்கு அந்தச் சத்தம். அதற்கு மேல் தாங்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்துவிட்டார்.

"யாரு அது, லிஃப்டை இப்படிக் கீழ போடறது? வெயிட் எங்க? வெயிட் கட்டலையா?"

"சார்!" என்றாள் கத்தரி அக்கா. "சட்டம் தெரியும்ல?"

"தெரியும்மா, ஆனா இது ஆபத்து..."

"தீப்பெட்டிக்குள்ள யாரும் இல்ல அங்கிள்," என்றான் வாலு.

அக்கா ஒரு நொடி யோசித்தாள். பிறகு ஒரு குட்டி நாற்காலியைக் காலால் தள்ளினாள். "அவளோடதைத் தொடக்கூடாது. உங்களுக்கு வேணும்னா நீங்களும் ஏதாவது செய்யுங்க."

முழங்கால் காதைத் தொடுகிற மாதிரி அப்பா உட்கார்ந்தார். சட்டைப்பையில் எப்போதும் நாலு நட்டு இருக்கும். அவற்றை நூலில் கோத்து முடிச்சுப் போட்டார். அவருக்குத் தெரிந்த கைவேலை அதுதான்: எதிர் எடை. நிஜ லிஃப்டிலும் இதுதான் ரகசியம். கயிற்றின் ஒரு முனையில் நாம் ஏறும் பெட்டி, மறுமுனையில் கிட்டத்தட்ட அதே கனத்துக்கு இரும்பு. ஒன்று மேலே போனால் மற்றது கீழே வரும். ஒன்றை ஒன்று தாங்கிக்கொள்வதால் மோட்டாருக்குப் பாதி வேலை மிச்சம். நாம் பெட்டியை மட்டும்தான் பார்க்கிறோம். இரும்பு சுவருக்குப் பின்னால் ஓசையில்லாமல் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது.

"மீசையில பசை," என்றாள் ஸ்க்ரூ, திரும்பாமலே.

"இருக்கட்டும்." அவரும் திரும்பவில்லை. இருவரும் ஷூ பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா தொண்டையைச் செருமினார். தீப்பெட்டியிடம் பேசுவது அவருக்கு இதுதான் முதல் தடவை. "ஏம்ப்பா லிஃப்டு... ஏன் விழுந்துட்டே இருக்க?"

ஸ்க்ரூ நூலை விரலில் சுற்றிக்கொண்டாள்.

"எம்மேல தப்பு இல்ல," என்றது தீப்பெட்டி, மெல்லிய குரலில். "ஒரு பொண்ணு ஏறுச்சு. எல்லா பட்டனையும் அமுக்கிடுச்சு. நான் எல்லா மாடியிலயும் நின்னு நின்னு போனேன். மேல போய்ச் சேர லேட்டாயிடுச்சு. அதுக்குள்ள அவங்க அம்மா செத்துட்டாங்க."

வாலு பல் ஒட்டுவதை நிறுத்தினான்.

"அப்படி அமுக்கினா அவங்க அப்பா எப்பவும் திட்டுவாரு," என்றது தீப்பெட்டி. "'லிஃப்டு என்ன ஆர்மோனியமா'ன்னு கத்துவாரு. அன்னிக்கு மட்டும் திட்டவே இல்ல. அப்பவே அந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சுடுச்சு, ரொம்பப் பெரிய தப்புன்னு."

அப்பா நட்டு மாலையை லிஃப்டுக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தார்.

"நான் வெயிட்டு பேசறேன்," என்றார். "நானும் அன்னிக்குக் கூட இருந்தேன். அந்தப் பொண்ணு ஆஸ்பத்திரி வாசல்ல குனிஞ்சு ஷூ லேஸ் கட்டிட்டிருந்துச்சு. அப்போ அவங்க அப்பாவுக்கு ஃபோன் வந்துச்சு. மேலேருந்து. டாக்டர் சொல்லிட்டாரு, அம்மா போயிட்டாங்கன்னு. அதுக்கப்புறம்தான் ரெண்டு பேரும் லிஃப்டுக்கே..." வெயிட்டின் குரல் அங்கே உடைந்தது. மிச்சத்தை அப்பாவே சொன்னார். "நீ ஒரு பட்டனும் அமுக்காம நேரா போயிருந்தாலும் அம்மா இருந்திருக்க மாட்டாங்கடா, கண்ணு."

ஸ்க்ரூ இப்போதுதான் திரும்பினாள். "அப்புறம் ஏன் திட்டல?"

"மேல போய்ச் சேரவே எனக்குப் பிடிக்கல. நீ அமுக்கினே. சரி, நிக்கட்டும், எல்லா மாடியிலயும் நிக்கட்டும்னு விட்டுட்டேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல!" அப்பாவின் நெஞ்சிலேயே ஒரு குத்து விட்டாள். "நான் இவ்வளவு நாளா படி ஏறிட்டிருக்கேன்!"

"சொல்லியிருக்கணும்," என்றார் அப்பா. "நானும்தான் கூடவே ஏறினேன்."

அழுகையும் சிரிப்பும் ஒரே நேரத்தில் வந்தால் மூக்குதான் பாடுபடும். கத்தரி அக்கா டிஷ்யூ பெட்டியைத் தள்ளினாள். முதலை எட்டிப் பார்த்து, "அந்த டாக்டரையும் சாப்பிடட்டுமா?" என்று கேட்டது.

"வேணாம்," என்றாள் ஸ்க்ரூ. "அவரு ஃபோன் மட்டும்தான் பண்ணாரு."

நட்டு மாலையை வாங்கி நூலின் மறுமுனையில் அவளே கட்டினாள். இழுத்தாள். விட்டாள். தீப்பெட்டி நாலாவது மாடியில் அப்படியே நின்றது.

வேலை முடிந்ததும் எல்லோரும் வெளியே வந்தார்கள். அப்பா பழக்கதோஷத்தில் படிக்கட்டுப் பக்கம் திரும்பினார். ஸ்க்ரூ லிஃப்ட் முன்னால் நின்றாள். கையில் ஷூ பெட்டி. கதவு திறந்தது. ஏறினாள். வாலு ஏறினான், அக்கா ஏறினாள், கடைசியாக அப்பா, மூச்சைப் பிடித்துக்கொண்டு.

ஸ்க்ரூ பொத்தான்களைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். பிறகு விரலை மேலிருந்து கீழ்வரை ஒரே இழுப்பாக இழுத்தாள். எல்லாப் பொத்தான் விளக்குகளும் எரிந்தன.

அப்பா ஒன்றும் பேசவில்லை. அவள் காத்திருந்தாள். லிஃப்ட் நாலாம் மாடிக்கு ஏறி நின்று, யாருமில்லாத வராந்தாவுக்குக் கதவைத் திறந்து காட்டியது.

"அப்பா," என்றாள், அவர் சட்டையை இழுத்து.

அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார்.

"அடி கழுதை! லிஃப்டு என்ன ஆர்மோனியமா? ரிலே சுவிட்சு தேஞ்சு போச்சுன்னா யாரு மாத்தறது, உங்க தாத்தாவா?"

அந்தத் திட்டு கட்டடம் முழுக்கக் கேட்டிருக்கும். ஸ்க்ரூ கண்ணை மூடிக்கொண்டு அதை முழுசாகக் கேட்டாள். பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவை திட்டுங்க அங்கிள்," என்றான் வாலு. "இன்னும் நெறைய மாடி இருக்கு."