ஒரு கிலோவா, மூன்றரைக் கிலோவா

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அது இரண்டு பைகளில் என் வீட்டுக்கு வந்தது. தூக்கி வந்தது என் அண்ணன். பின்னாலேயே வந்த அண்ணி, சாப்பாட்டு மேசையில் கிடந்த தட்டுகளை ஓரம் தள்ளிவிட்டு, இரண்டு லேப்டாப்களை எடுத்து அடுத்தடுத்து வைத்தார்.

"நீ எழுதுறவதானே? நாள் முழுக்க இதோடதான் குடித்தனம் நடத்துறே. எது நல்லதுன்னு சொல்லு."

"என்னோடது ஒன்பது வருஷப் பழசு அண்ணி. ஒரு தடவை அழுத்தினா 'ழ' ரெண்டு தடவை விழும். என்கிட்டப் போய்க் கேட்டா எப்படி?"

"அப்ப ஒரு கதையாவது எழுது. எனக்கு முடிவு வேணும். வெள்ளிக்கிழமைக்குள்ள."

எழுத்தாளரிடம் முடிவு கேட்பதும் பல் டாக்டரிடம் முடி வெட்டச் சொல்வதும் ஒன்றுதான். (அண்ணன் பல் டாக்டர். இதைப் படித்தால் சிரிக்கமாட்டான்.) இருந்தாலும் உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: "கையில் எடுத்தால் எடுத்ததே தெரியாது, திரை கண்ணாடிபோல் பளிச்சென்று இருக்கும், ஒருமுறை சார்ஜ் செய்தால் பதினைந்து மணி நேரம்—"

விளம்பரம். அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "ஐம்பத்தொரு வயதுப் பெண் ஒருத்தி தன் வாழ்க்கையையே தராசுத் தட்டில் வைத்து—"

கை கூசியது. தவிர, தராசு என்ற பட்டப்பெயரில் ஒருவர் இந்தக் கதைக்குள் வரப்போகிறார், குழப்பம் வரும்.

மூன்றாவது: "அண்ணி ஏணியிலிருந்து விழுந்து பதினொரு மாதங்கள் ஆகின்றன."

இது நிற்கட்டும்.

2

அண்ணி ஏணியிலிருந்து விழுந்து பதினொரு மாதங்கள் ஆகின்றன. அவர் கட்டடங்களைச் சோதிக்கும் பொறியாளர். இருபத்திரண்டு வருடங்களாக ஊரில் உள்ள கூரைகள், பாலங்கள், மாடிப்படிகள் எல்லாவற்றின் அடிவயிற்றையும் பார்த்தவர். விருந்துக்குப் போனால்கூட மற்றவர்கள் அலங்காரத்தைப் பார்ப்பார்கள். அண்ணி அண்ணாந்து பார்த்தபடி நிற்பார்.

ஈரமான ஏணிப் படி ஒன்று வழுக்கியதில் வலது தோள் உடைந்தது. ஒரு தகடு, ஆறு திருகாணிகள், எட்டு மாதம் வீட்டில். திரும்பி வந்தபோது அலுவலகத்தில் எல்லோரும் அளவுக்கு மீறி அன்பாக இருந்தார்கள். அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. தலைமைப் பொறியாளர் கூப்பிட்டு, "இனிமே வெயில்ல அலைய வேண்டாம். மத்தவங்க எழுதுற அறிக்கையை உட்கார்ந்து சரிபார்த்தா போதும்" என்றார். குரலில் கேலி இல்லை, உண்மையான கரிசனம். கரிசனத்தோடு எப்படிச் சண்டை போடுவது?

மூன்று மாதம் கழித்து எல்லோருக்கும் புது லேப்டாப் வந்தது. கருவிகள் பிரிவின் பொறுப்பாளர் ஒரு படிவத்தோடு வந்து நின்றார். அவருக்குத்தான் தராசு என்று பெயர். எதைக் கேட்டாலும் "அப்படிப் பார்த்தா அதுவும் சரி, இப்படிப் பார்த்தா இதுவும் சரி" என்பார்.

"ரெண்டு வகை மேடம். ஒண்ணு சின்னது. சரியா தொள்ளாயிரத்துத் தொண்ணூறு கிராம். இன்னொண்ணு பெருசு. திரை பெருசு, உள்ள தனி கிராஃபிக்ஸ் கார்டு, ஒரு முழுக் கூரையையே அதுல வரைஞ்சு கணக்குப் போட்டுடலாம். சார்ஜரோட சேர்த்தா மூணரைக் கிலோ."

"சின்னதுல கணக்குப் போட முடியாதா?"

"அலுவலகத்துக்கு அனுப்பி, இங்க இருக்கற பெரிய கணினியில போட்டு வாங்கணும். ஒரு நாள் ஆகும். ஆனா தூக்குறதுக்குச் சுகம். அப்படிப் பார்த்தா…"

"சரி, சரி. ரெண்டையும் குடுங்க. பார்த்துட்டுச் சொல்றேன்."

வெளியே சொல்லாத ஒரு விஷயம் இருந்தது. சின்னதை வாங்குகிறவர்கள் எல்லோரும் கூட்டத்துக்குப் போகிறவர்கள். பெரியது களத்துக்குப் போகிறவர்களுடையது. டாக்டரோ இரண்டு கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது என்றிருந்தார். ஆக, அந்தப் படிவத்தில் கேட்கப்பட்ட கேள்வி லேப்டாப்பைப் பற்றியதே அல்ல.*

* இந்தக் கடைசி வாக்கியம் அண்ணிக்குப் பிடிக்கவில்லை. "லேப்டாப்பைப் பத்தினதுதான். பெருசா ஆக்காத" என்றார். அவர் சொன்னதையும் என் வாக்கியத்தையும் இரண்டையும் விட்டுவைக்கிறேன்.

3

இப்போது அண்ணனைப் பற்றி ஒரு சந்தேகம். முதல் பிரதியில் அவனை வில்லனாக்கி இருந்தேன். "சின்னதை எடுத்துக்கிட்டுப் பேசாம ஆபீஸ்ல உட்காரு" என்று அவன் கத்துவதாக ஒரு காட்சி. காட்சி நன்றாகத்தான் வந்தது. ஆனால் அவன் அப்படிக் கத்தவில்லையே.

அவன் செய்தது இது. திங்கட்கிழமை காலை பெரிய லேப்டாப்பையும் சார்ஜரையும் பையில் போட்டு, வலது தோளில் மாட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போய்விட்டான். நாள் முழுக்கக் கழற்றவில்லை. வாயைத் திறந்து படுத்திருந்தவர்கள் எல்லாம், டாக்டர் ஏதோ அவசரமாக ஊருக்குக் கிளம்புகிறார், பல்லைச் சரியாகப் பிடுங்குவாரோ மாட்டாரோ என்று பயந்திருக்கிறார்கள். சாயங்காலம் வந்து சோபாவில் விழுந்தான்.

"என்ன வேஷம் இது?" என்றார் அண்ணி.

"நீ எதைத் தூக்கப்போறேன்னு தெரியாம நான் எப்படிக் கருத்துச் சொல்றது?"

"தெரிஞ்சுதா?"

"தோள் விட்டுப்போச்சு. எனக்குத் தகடும் இல்ல, திருகாணியும் இல்ல." பையைக் கழற்றி ஓரமாக வைத்தான். பிறகு, "சேதி கேட்டு ஓடி வந்தப்ப நீ கீழ கிடந்ததை நான் பார்த்தேன்ல. அது கண்ணை விட்டுப் போகமாட்டேங்குது. ஆனா வீட்ல உட்கார்ந்திருந்த எட்டு மாசமும் உன் முகத்தைப் பார்த்தேன். அதுவும் போகமாட்டேங்குது. எதை வேணா எடுத்துக்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்றான்.

இப்படிப்பட்ட ஆளை வில்லனாக்க முடியுமா? அந்தக் காட்சியை எடுத்துவிட்டேன்.

4

செவ்வாய்க்கிழமை. பார்வையாளர் மாடங்கள் சூழ்ந்த பெரிய நீச்சல்குளக் கூடம். நாலாவது தடத்தில் நீந்துகிறவர்கள்மேல் மேலிருந்து பழுப்பாகச் சொட்டுகிறது என்று புகார். வியாழக்கிழமை போட்டி, அதற்காக அந்த இடத்துக்கு நேர் மேலே ஒரு பெரிய மதிப்பெண் பலகையைத் தொங்கவிடப்போகிறார்கள். பலகையின் எடை முந்நூறு கிலோ.

இரண்டையும் களத்தில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று தலைமைப் பொறியாளரிடம் கேட்டுவிட்டு, அண்ணி பெரிய லேப்டாப்போடு போனார். எந்தக் கருவி எப்படி உழைக்கிறது என்று குறித்துக்கொள்ளத் தராசும் கூட வந்தார். உள்கூரைப் பலகை ஒன்றை விலக்கி, இரும்பு உத்தரத்தின் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். சுவரோடு பொருத்திய ஏணி. அண்ணி பையை இடது தோளில் மாட்டி, முதல் படியில் கால் வைத்தார்.

(இங்கே நான் எழுதியிருந்தது: "பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினார். ஒவ்வொரு படியும் ஒரு—")

நேற்று இதைப் படித்துக் காட்டினேன். அண்ணி கையை உயர்த்தித் தடுத்தார்.

"ஏறினேன்னு எழுதாத. அஞ்சாவது படியில இறங்கிட்டேன்னு எழுது."

"கதைக்கு…"

"கதைக்கு எப்படியோ போகட்டும். கை மேல போகலை. இறங்கிட்டேன். என்னை மாதிரி எத்தனை பேரு ஏறமுடியாம இறங்குறாங்க. அவங்களும் படிப்பாங்கல்ல?"

ஐந்தாவது படியில் இறங்கிவிட்டார். குளத்தோரம் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். குளோரின் நெடியில் கண் எரிந்தது என்று தராசிடம் சொன்னார். தராசும் நம்புவதுபோல் இருந்தார். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் இரண்டு பக்கமும் பேசவில்லை.

அங்கே விளக்குகளைப் பராமரிக்கும் எலக்ட்ரீஷியன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே நின்றார். அண்ணி வயதுதான் இருக்கும்.

"நான் வேணா ஏறட்டுமா மேடம்? வாரம் நாலு தடவை ஏறுற ஏணிதான்."

இருபத்திரண்டு வருடங்களில் அடுத்தவர் கண்ணால் பார்த்ததற்கு அண்ணி கையெழுத்துப் போட்டதில்லை. ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு எழுந்துபோய், அவர் இடுப்பில் பாதுகாப்புப் பட்டையைத் தானே மாட்டி, இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். தலைக்கவசத்தில் கேமராவைப் பொருத்தினார். இரும்பின் தடிமனை அளக்கும் சின்னக் கருவியைக் கையில் கொடுத்து, எப்படி வைத்து அழுத்த வேண்டும் என்று கதவுச் சட்டத்தில் மூன்று முறை செய்யச்சொன்னார்.

பெரிய லேப்டாப் நாற்காலியில் உட்கார்ந்தது. அண்ணி அதற்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். உத்தரம் பெரிய திரையில் கையெட்டும் தூரத்தில் ஊர்ந்தது.

"அங்க வைங்க. என்ன காட்டுது?"

"எட்டு மில்லிமீட்டர்."

"ஒரு சாண் தள்ளி."

"ஏழரை… எட்டு… ஏழே முக்கால்…"

"இன்னும் தள்ளி. அந்தப் பழுப்பு நிறம் இருக்குல்ல, அங்க."

திரையில் கருவி அதே இடத்தில் நின்றுவிட்டது.

"என்னங்க?"

"மூணு மேடம். தப்பா வெச்சிட்டேன்போல. இருங்க… மூணுதான்."

அண்ணி எல்லா எண்களையும் ஏற்றினார். லேப்டாப்பின் விசிறி இரைந்தது. பதினொரு நிமிடத்தில் மொத்தக் கூரையும் வண்ணப் படமாகத் திரையில் நின்றது. நாலாவது தடத்துக்கு மேல் மட்டும் சிவப்பு. இன்று விழாது. பலகையைத் தொங்கவிட்டால், பொறுப்பு எடுத்துக்கொள்ள முடியாது.

சின்ன லேப்டாப்பாக இருந்திருந்தால் இந்தப் பதில் மறுநாள்தான் வந்திருக்கும். தராசு தன் குறிப்பேட்டில் 'பெரியது' என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

5

கதை இங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் நீச்சல்குளத்தின் மேலாளர் ஒத்துக்கொள்ளவில்லை. "முப்பது வருஷமா நிக்குது மேடம். அறிக்கை அனுப்புங்க, போட்டி முடிஞ்சதும் படிக்கிறேன்" என்று போனிலேயே முடித்துவிட்டார்.

புதன்கிழமை காலை அண்ணி சின்ன லேப்டாப்போடு போனார். மேலாளர் ஓர் இடத்தில் நிற்கும் ஆளில்லை. கொடி கட்டுகிற இடம், நாற்காலி அடுக்குகிற இடம், தண்ணீர்க் குழாய் என்று ஓடிக்கொண்டே இருந்தார். அண்ணியும் விடவில்லை. லேப்டாப்பைத் திறந்து, இடது முன்கையில் தாம்பாளம் மாதிரி ஏந்திக்கொண்டு அவர் பின்னாலேயே நடந்தார். முக்கால் மணி நேரம். பெரியதை ஏந்திக்கொண்டு முக்கால் நிமிடம்கூட நடந்திருக்க முடியாது.

கடைசியில் மேலாளர் குளத்தின் ஓரத்தில் நின்று, "சரி, காட்டுங்க" என்றார்.

காட்டினார். துரு அப்பளமாகப் பொரிந்து உரிவது அந்தச் சின்னத் திரையிலும் தெரிந்தது. எலக்ட்ரீஷியனின் குரலும் கேட்டது: "மூணுதான்."

"இது எந்த இடம்?"

"உங்க தலைக்கு நேர் மேல சார்."

மேலாளர் சட்டென்று இரண்டு அடி விலகி நின்றார்.

"நீங்க விலகிட்டீங்க," என்றார் அண்ணி. "தண்ணிக்குள்ள இருக்கறவங்க?"

குளத்தில் பன்னிரண்டு பேர் பயிற்சியில் இருந்தார்கள். மேலாளர் அவர்களைப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் தட்டி, கூடமே அதிர, "எல்லாரும் வெளிய வாங்க! ஏறுங்க, ஏறுங்க!" என்று கத்தினார். பலகை லாரியிலிருந்து இறங்கவே இல்லை. போட்டி வேறு குளத்துக்கு மாறியது.

தராசு தன் குறிப்பேட்டில் 'சிறியது' என்றும் எழுதி, அதற்கும் அடிக்கோடு போட்டார்.

6

எழுதுகிறவளின் ஆசையை மறைக்காமல் சொல்கிறேன். இந்தப் பகுதியில் கூரையின் அந்தத் துண்டை விழவைக்கலாம் என்று நினைத்தேன். காலியான குளத்தில், யாருக்கும் அடிபடாமல், பெரும் சத்தத்தோடு. மேலாளர் வெலவெலத்துப் போவார். தலைமைப் பொறியாளர் ஓடி வருவார். அரைப் பக்கம் எழுதியும்விட்டேன்.

அண்ணி படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"விழல."

"தெரியும் அண்ணி. ஆனா விழுந்தாத்தானே நீங்க சொன்னது சரின்னு எல்லாருக்கும் தெரியும்?"

"நான் சரின்னு காட்டறதுக்கு ஒரு கூரை விழணுமா? விழாம இருக்கறதுதான்டி என் வேலை. இருபத்திரண்டு வருஷமா எதுவும் விழல. அதைக் கதையா எழுத முடியலைன்னா அது உன் கஷ்டம்."

அரைப் பக்கத்தையும் அழித்தேன். விழவில்லை. உத்தரத்துக்கு முட்டுக்கொடுத்திருக்கிறார்கள். அடுத்த மாதம் மாற்றிவிடுவார்கள். நாலாவது தடத்தில் மறுபடியும் நீந்துவார்கள், தலைக்கு மேல் என்ன இருந்தது என்று தெரியாமலே. என் கஷ்டம்தான்.

7

இன்று வெள்ளிக்கிழமை. நீங்கள் எதிர்பார்ப்பது எனக்குத் தெரியும்.

முடிவு ஒன்று: அண்ணி பெரியதை எடுக்கிறார். தினமும் யாரையாவது "கொஞ்சம் தூக்கிக் கொடுக்கிறீங்களா?" என்று கேட்க வேண்டியிருக்கும். அந்த வாக்கியம் அவர் வாய்க்கு இன்னும் பழகவில்லை.

முடிவு இரண்டு: சின்னதை எடுக்கிறார். எங்கே வேண்டுமானாலும் தனியாகப் போகலாம். பதிலுக்கு மட்டும் ஒரு நாள் காத்திருக்க வேண்டும். காத்திருப்பதும் அவருக்குப் பழக்கமில்லை.

முடிவு மூன்று: இரண்டையும்— (தராசு இதற்குச் சம்மதிக்கமாட்டார். ஆளுக்கு ஒன்றுதான். வாழ்க்கையில் முதன்முறையாக உறுதியாகச் சொன்னார்.)

காலையில் என் மேசையில்தான் படிவத்தை நிரப்பினார். கீழே இன்னொரு வரி இருந்தது: 'பணிப் பிரிவு: அலுவலகம் / களம்.' லேப்டாப் கட்டங்களுக்குப் போகும் முன்பே அண்ணி அந்த வரிக்குப் போய், 'அலுவலகம்' என்பதை ஒரே கோட்டில் அடித்தார். கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. பேனா தாளைக் கிழித்துவிடுமோ என்று பார்த்தேன். இது நடந்தது. இதை மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

பிறகு மேலே வந்து ஒரு கட்டத்தில் குறியிட்டார். எதில் என்று நான் பார்த்தேன். சொல்லமாட்டேன். சொன்னால், உங்களில் பாதிப் பேர் "அடடா, மற்றதை எடுத்திருக்கலாமே" என்பீர்கள். அண்ணியை அப்படிப் பரிதாபமாகப் பார்த்தவர்கள் ஏற்கெனவே நிறையப் பேர்.

அப்போதே தராசுக்குப் போன் போட்டார்.

"திங்கட்கிழமை ஏழு மணிக்கு வண்டி வேணும். ஆத்துப் பாலம் ஒண்ணு பார்க்கணும்."

"சரி மேடம். எதை எடுத்து வைக்கட்டும்?"

அண்ணி என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் பதில் சொன்னார். அந்தப் பதில் உங்களுடையது. இந்த வரிக்குக் கீழே நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவசரமில்லை, நிதானமாக யோசியுங்கள். நீங்கள் எதை எழுதினாலும் வண்டி ஏழு மணிக்குக் கிளம்பிவிடும், அண்ணி முன் இருக்கையில் இருப்பார்.