சுவருக்கு அந்தப் பக்கம் போன வெந்நீர்

ஸ்டான்லி வால்வைத் திருகி மூடியதும், அட்டைப்பெட்டி கம்பெனியின் பின்சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போகும் குழாய் இரண்டு தரம் விக்கிவிட்டு நின்றது. மெஷின்களில் ஓடி முடித்த நீராவி தண்ணீராகி, கொதிக்கக் கொதிக்க வீணாய்ப் போய்க்கொண்டிருந்தது. இனி அது பாய்லருக்கே திரும்பும். ஒரு நாளைக்கு நூறு லிட்டர் எண்ணெய் மிச்சம். தொண்ணூற்றெட்டில் அது லேசுப்பட்ட விஷயமா? மேனேஜர் பாலசுப்ரமணியன் எல்லோர் எதிரிலும் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

அவன் போட்ட திட்டத்தில் ஒரு குறையும் இல்லை. போன மாதம் மேனேஜர், வெளியே யாராவது அந்தத் தண்ணீரைப் பிடிக்கிறார்களா என்று கேட்டபோது, "யாரும் இல்ல சார்" என்று சொன்னானே, அந்தப் பொய்தான் உறுத்திக்கொண்டிருந்தது. ஆமாம் என்றால், உனக்கு எப்படித் தெரியும் என்பார். சுவருக்குப் பின்னால் இருக்கும் காலனியில் பிறந்து, அந்தக் குழாயடியில் குளித்து வளர்ந்தவன் என்று சொல்ல வேண்டிவரும். தாயில்லாப் பிள்ளையை அங்கே நிற்கவைத்து முதுகு தேய்த்துவிட்டவள் சித்தி சந்திரம்மா. வேலை கிடைத்ததும் சிங்கப்பெருமாள் கோயில் ஊரில் வாடகைக்கு வீடு பார்த்துக்கொண்டு, கம்பெனி ஆட்கள் எதிரே என்னிடம் பேச்சுக் கொடுக்காதே என்று அவளிடமே சொன்னவன் இவன். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்பது வேறு என்னவாம்?

மார்கழிக் குளிர். வால்வை மூடி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, கேட்டில் யாரோ பெண்பிள்ளை நிற்பதாக வாட்ச்மேன் வந்து சொன்னான். ஸ்டான்லி மேனேஜரோடு போனான். சந்திரம்மா நின்றிருந்தாள். கையில் பச்சை பக்கெட். அவனுடைய முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது.

அவன் முகத்தை அவள் ஒரு கணம்தான் பார்த்தாள்.

"தண்ணி நின்னுபோச்சி சார். எம் பொண்ணு ஜெனிஃபரு, வூட்ல பச்ச ஒடம்போட கீறா. கொயந்த பொறந்து ஆறு நாளுதான் ஆவுது."

மேனேஜர் அவன் பக்கம் திரும்பினார். "யாரும் பிடிக்கலைன்னு சொன்னீங்களே ஸ்டான்லி?"

இப்போதாவது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். அதற்குள் சந்திரம்மா முந்திக்கொண்டாள்.

"அவருக்கு இன்னா சார் தெரியும்? நாங்க செவுத்துக்கு அந்தாண்ட கீறோம்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவனுக்கு. சித்தி என்ற சொல் நெஞ்சுவரைக்கும் வந்தது. வாயிலிருந்து வந்தது வேறு.

"பாக்கறோம்மா. நீங்க போங்க."

அவள் தலையாட்டினாள். காலிப் பக்கெட்டை முழங்கைக்கு ஏற்றிக்கொண்டு, முதலில் மேனேஜரைப் பார்த்து, பிறகு அவனைப் பார்த்து, கையெடுத்துக் கும்பிட்டாள்.