சத்தமாகப் படிக்கிற பள்ளிக்கூடம்

“ஒண்ணாங் கிளாசு எங்க நடக்குதுன்னு காட்டுங்க. பாத்துட்டுத்தான் புள்ளையச் சேக்கறதா வேணாமான்னு சொல்லுவோம்.”

சுலோசனா கேட்டேவிட்டாள். கிளம்பும்போது அக்கா கமலவேணி வாசல் வரைக்கும் ஓடிவந்து, “நீ என்ன வேணாலும் பேசுடி. அது ஒண்ண மட்டும் கேட்டுடாத. ஒன் கால்ல வேணாலும் விழறேன்” என்று கெஞ்சியிருந்தாள். மில் தெருவில் இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. கேட்டால் திரெக்தேருக்குக் கோபம் வரும், பிள்ளைக்கு இடம் கிடையாது என்று தெருவே சொல்லிக்கொண்டிருந்தது. அப்படி இடம் கிடைக்காமல் போனது யாருக்கு என்று கேட்டால் மட்டும் ஒருத்தருக்கும் பதில் தெரியாது.

பிரஞ்சுக்காரன் போய் நாலு வருஷமாகியும் தலைமையாசிரியர் தெய்வசிகாமணி மில் தெருவுக்குத் திரெக்தேர்தான். அவரும் அப்படிக் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். இப்போது அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். கோபம் வந்ததா இல்லையா என்று தெரியவில்லை.

பக்கத்தில் கைகட்டி நின்ற அக்கா புருஷன் பாவாடைதான் பதறிப்போனார். ராத்திரி ஷிப்டு முடித்து, தலைமயிரில் பஞ்சு ஒட்டியிருக்க, அப்படியே வந்திருந்தார். “அவ ஏதோ கேக்குறா முசே. மெட்ராசுல போயி படிச்ச பொண்ணு. வாயி கொஞ்சம்…”

“வாயி சரியாத்தான் இருக்கு மாமா” என்றாள் சுலோசனா.

“அதான் காட்டினேனேம்மா” என்றார் தெய்வசிகாமணி. “வரும்போதே பாத்தியே, முன்கூடம். பெஞ்சு, தேசப்படம், சொவர்க் கடியாரம். இந்த ஊர்ல எந்தச் சர்க்கார் பள்ளிக்கூடத்துல கடியாரம் இருக்கு, சொல்லு?”

“அது ஆபீசருங்க புள்ளைங்களும் பென்ஷன்காரர் வீட்டுப் புள்ளைங்களும் ஒக்கார்ற கூடம். எங்க வேம்பு எங்க ஒக்காருவா?”

பாவாடையின் இளைய மகள், ஆறு வயது வேம்பு, சித்தியின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சற்றுமுன் தெய்வசிகாமணி அவளைக் கூப்பிட்டு, வலக்கையைத் தலைக்கு மேலே போட்டு இடக் காதைத் தொடச் சொல்லியிருந்தார். எட்டவில்லை. ‘அடுத்த வருஷம் கூட்டிட்டு வா’ என்றார். பாவாடை அவசர அவசரமாக மெரி என்கிற நகராட்சி ஆபீசில் எழுதிக்கொடுத்த பிறப்புச் சீட்டை எடுத்து நீட்டினார். சீட்டில் வயசு ஆறு என்று இருந்தால் கை எட்டினால் என்ன, எட்டாவிட்டால் என்ன? ஆனாலும் அந்தக் குழந்தையை மூன்று தடவை எக்க வைத்த பிறகுதான் சீட்டைக் கையில் வாங்கினார் மனிதர். சுலோசனாவுக்கு அப்போதே காது சூடாகிவிட்டது.

“எங்க புள்ளைக்குப் பரீட்சை வச்சீங்கல்ல?” என்றாள். “இப்ப ஒங்க பள்ளிக்கூடத்துக்கு நான் வக்கிறேன்.”

தெய்வசிகாமணி சிரித்தார். சிரித்தபடியே, தன் தலைக்கு மேலே சுவரைக் காட்டினார். “ஒனக்கு எதுக்கும்மா பரீட்சை? நீயே இங்க படிச்சவதான.”

அங்கேதான் அது தொங்கிக்கொண்டிருந்தது. கறுப்பு அங்கி போட்டு, கையில் சுருட்டிய பட்டத்தோடு சுலோசனா எடுத்துக்கொண்ட போட்டோ. போன வருஷம் பாவாடை ஆசையாக ஒரு பிரதி போட்டு, கண்ணாடிச் சட்டம் அடித்துக் கொண்டுவந்து கொடுத்தது. கீழே, ‘எம் பள்ளி மாணவி’ என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். பிள்ளையைச் சேர்க்க வரும் மில்காரர்கள், அரியாங்குப்பத்திலிருந்து ஆற்றைத் தாண்டி வரும் குடியானவர்கள், எல்லாரையும் அதன் முன்னால் நிறுத்திக் காட்டுவார்களாம். ‘மில்லுல நூல் சுத்தற ரீலர் மக பி.ஏ. படிச்சது இங்கதான்’ என்பார்களாம். அவர்களும் கும்பிடு போட்டுவிட்டுப் பிள்ளையை விட்டுவிட்டுப் போவார்கள்.

அவள் அங்கே படித்தது ஒன்றரை வருஷம். அந்த ஒன்றரை வருஷமும் பின்பக்கக் கொட்டகையில் தரையைப் பெருக்கினாள், பானையில் தண்ணீர் நிரப்பினாள். மஞ்சள் காமாலையில் படுத்தாள். எழுந்த பிறகு அவள் அம்மா, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கிறிஸ்துவக் கன்னிமார் நடத்திய பள்ளிக்கூடத்தில் பாத்திரம் தேய்க்கப் போனவள், கூடவே மகளையும் இழுத்துக்கொண்டு போனாள். அ, ஆ அங்கேதான் கற்றாள். இதெல்லாம் பாவாடைக்குத் தெரியும். தெருவுக்கும் தெரியும். ஆனால் சுவரில் போட்டோ தொங்கினால் தெரிந்ததுகூட மறந்துபோகிறது.

“கேக்குதா?” என்றார் தெய்வசிகாமணி, ஒரு விரலை உயர்த்தி.

கேட்டது. பின்பக்கத்திலிருந்து பிள்ளைகள் ஒரே குரலில் கத்திக்கொண்டிருந்தார்கள். “அணில் மரத்தில் ஏறும்! ஆடு தழையைத் தின்னும்! இலை காற்றில் ஆடும்!” ஓட்டுக்கூரையில் மோதி, மதிலைத் தாண்டி, ரோட்டில் போகிற மாட்டுவண்டிக்காரன் காது வரைக்கும் போனது.

பாவாடை முகம் மலர்ந்தது. “எங்க சின்னப்பாப்பா கொரலு! கேளு சுலோசனா, எல்லாத்துக்கும் மேல கேக்குதா? அவதான் சட்டாம்புள்ள.”

இந்தச் சத்தம்தான் மில் தெருவுக்குப் பள்ளிக்கூடம். ஷிப்டுக்குப் போகும்போதும் வரும்போதும் மதிலோரம் நின்று கேட்பார்கள். எவ்வளவு சத்தமோ அவ்வளவு படிப்பு. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வேறு எதை வைத்துத்தான் அளப்பார்கள்? அது சுலோசனாவுக்குப் புரிந்தது. புரிந்ததால் கோபம் குறையவில்லை. அதைத் தெரிந்துகொண்டு கத்தவிடுகிறவர் எதிரே உட்கார்ந்திருந்தாரே, அவர்மேல் அது இரட்டிப்பாயிற்று.

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் ஒரு சினிமா நோட்டீசு வந்து விழுந்தது. பாவாடையின் மூத்த மகள் சின்னப்பாப்பா, மூன்றாம் வகுப்புக்காரி, அதை எடுத்தாள். “படி பாப்பா” என்றாள் சுலோசனா. பிள்ளை நோட்டீசை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, தொண்டை நரம்பு புடைக்க, “அணில் மரத்தில் ஏறும், ஆடு தழையைத் தின்னும்” என்று ஆரம்பித்தாள். “பாத்தியா, தட்டாமப் படிக்கிறா!” என்று பாவாடை தொடையைத் தட்டினார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நோட்டீசில் அணிலும் இல்லை, ஆடும் இல்லை. கத்தியும் கையுமாக ஒரு ராஜகுமாரன்தான் இருந்தான்.

மறுநாள் சுலோசனா தான் வேலை பார்க்கிற ஆபீசுக்குப் போகிற வழியில் நேரே போகாமல் வடக்கே திரும்பி, குருசுக்குப்பத்துக்குப் போனாள். மீன்காரப் பிள்ளைகளுக்கென்று அங்கேயும் ஒரு சின்னச் சர்க்கார் பள்ளி உண்டு. மில் தெரு அதை நினைத்துக்கூடப் பார்க்காது. ‘சத்தமே வராது அங்க. புள்ளைங்க தூங்குதுங்களோ என்னமோ’ என்பார்கள். ‘கவிச்சி நாத்தம் வேற’ என்று மூக்கைப் பிடிப்பார்கள்.

கதவு திறந்தே கிடந்தது. டீச்சர் வசந்தா, சுலோசனா வயசுதான் இருக்கும், உள்ளே வாங்க என்றுகூடச் சொல்லவில்லை, தலையை ஆட்டிவிட்டு வேலையைப் பார்த்தாள். சத்தம் இல்லைதான். பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொன்றாய் எழுந்துபோய் டீச்சர் பக்கத்தில் நின்று, தனியாகப் படித்துவிட்டு வந்தார்கள். சுலோசனா ஒரு சிறுமியை வாசலுக்குக் கூட்டிவந்து, மணலில் ஏற்றி வைத்திருந்த படகைக் காட்டி, அதில் என்ன எழுதியிருக்கிறது என்றாள். அந்தப் பெண் எழுத்தெழுத்தாகக் கூட்டி, ஒன்றைத் தப்பாகச் சொல்லி, நாக்கைக் கடித்து, திருத்திக்கொண்டு, “அந்தோணியார் துணை” என்றாள். பிறகு, “இது எங்க சித்தப்பா படகு, எங்களுது பக்கத்துல இருக்குது, அதையும் படிக்கட்டா?” என்றாள்.

அதைப் பார்த்துவிட்டு வந்த கண்ணோடுதான் இன்று இங்கே நின்றாள்.

“எழுந்திரிங்க ஐயா” என்றாள். “நீங்க காட்டலன்னா நானே போறேன். வழி தெரியும். பெருக்கின எடம்தான்.”

யாரும் தடுப்பதற்கு முன்னால் அவள் நடந்துவிட்டாள். வேம்பு ஓட்டமும் நடையுமாகத் தொடர, பாவாடை “ஏய், ஏய்” என்று பின்னாலேயே வர, தெய்வசிகாமணியும் வேறு வழியில்லாமல் வந்தார்.

கொட்டகை அவள் விட்டுப்போனபடியேதான் இருந்தது. தரை மட்டும் இன்னும் குழிந்திருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று மூன்று வகுப்புப் பிள்ளைகளும் ஒன்றாக நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஆசிரியர் இல்லை. ஆசிரியருக்கான நாற்காலியில் தண்ணீர்க் குடம் இருந்தது. கையில் பிரம்போடு முன்னால் நின்று கத்தியது சின்னப்பாப்பா. அவள் ஒரு வரி சொல்ல, கொட்டகை அதைத் திருப்பிக் கத்தியது. அப்பாவைப் பார்த்ததும் இன்னும் பலமாகக் கத்தினாள்.

“வாத்தியாரு எங்க?”

“முன்கூடத்துல” என்றாள் சின்னப்பாப்பா பெருமையாக. “எப்பவும் அங்கதான் சித்தி. காலைல வந்து பாடம் சொல்லிட்டுப் போவாரு. நான்தான் நாளெல்லாம் பாத்துக்கறேன்.”

சுலோசனா கரும்பலகை அருகே கிடந்த சுண்ணக்கட்டித் துண்டை எடுத்தாள். மூன்றே எழுத்துதான் எழுதினாள். “இத மட்டும் படிடா கண்ணு.”

சின்னப்பாப்பா பலகையைப் பார்த்தாள். சித்தியைப் பார்த்தாள். பிரம்பைக் கை மாற்றினாள். கொட்டகை முழுக்க அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் மெல்ல, கேள்வி கேட்பது மாதிரி, “அணில்…?” என்றாள்.

“மாமா, என்ன எழுதியிருக்கேன்னு ஒங்களுக்குத் தெரியாது. நான் சொல்றேன். ‘வேம்பு’ன்னு எழுதியிருக்கேன். கூடப் பொறந்தவ பேரு. மூணாம் வருசம் இவளுக்கு இது.”

பாவாடை பலகைக்கு நெருங்கிப் போய் அந்த மூன்று எழுத்தையும் பார்த்தார்.

“நீங்க தறி ஓட்டறவங்கதான? நூலு அறுந்தப்புறமும் தறி ஓடுமா ஓடாதா?”

“ஓடும்” என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

“சத்தம் கொறையுமா?”

அவர் தலைமயிரில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்து விரலில் உருட்டினார். அறுந்த நூலோடு ஓடிய தறிக்கு மேஸ்திரியிடம் அவர் வாங்கிய வசவு தெருவுக்கே தெரியும்.

தெய்வசிகாமணிதான் பேசினார். குரல் இப்போது தேன் மாதிரி இருந்தது. “பாவாடை, நீ விவரம் தெரிஞ்சவன். இதுங்க பெரிசானா எங்க போகப் போவுதுங்க? மில்லுக்கு. இல்லன்னா களையெடுக்க. ஒரு கையெழுத்துப் போடத் தெரிஞ்சாப் போதாதா? இருக்கறது ரெண்டு வாத்தியாரு. அவங்களை வச்சு படிக்கிற வீட்டுப் புள்ளைங்களப் பாக்கறதா, இதுங்களப் பாக்கறதா?”

“கையெழுத்தும்தான் போடத் தெரியலியே!” சுலோசனா கத்திய கத்தலில் முன்கூடத்துப் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். “பேரை எழுதச் சொல்லுங்க பாப்போம்! இந்தக் கொட்டகையில ஒரே ஒரு புள்ளைய! ரெண்டு வாத்தியாருன்னா ஒருத்தர் இங்க நிக்க வேண்டாமா? படிச்ச வீட்டுப் புள்ளைக்கு வீட்டுல சொல்லித்தர ஆளு இருக்குது. இதுங்களுக்கு யாரு இருக்கா? சர்க்கார் சம்பளம் குடுக்கறது கடியாரத்தக் காட்டறதுக்கா?”

“மரியாதையாப் பேசும்மா. நீ இந்தப் பள்ளிக்கூடத்து…”

“இல்ல” என்றாள். “நான் இந்தப் பள்ளிக்கூடத்து ஆளு இல்ல.”

திரும்பி நடந்தாள். அறைக்குள் போய், நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, போட்டோவை ஆணியிலிருந்து கழற்றினாள். சுவரில் வெள்ளையாக ஒரு சதுரம் தெரிந்தது. மேசைமேல் கிடந்த பிறப்புச் சீட்டை எடுத்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள்.

வாசற்படியில் பாவாடை வழிமறித்தார். “எங்க கூட்டிட்டுப் போற?”

“குருசுக்குப்பத்துக்கு.”

“மீன்காரங்க பள்ளிக்கூடத்துக்கா? தெருவுல என்ன சொல்லுவாங்க? அவ்ளோ தூரம் தெனம் யாரு கொண்டுபோயி விடறது?”

“நான். ஆபீசுக்குப் போறப்ப கொஞ்சம் சுத்திப் போனாப் போச்சு. தெரு என்ன சொல்லும்னு நீங்க கேட்டு வையுங்க. புள்ளைங்க என்ன படிக்குதுன்னு நான் கேக்கறேன்.” கொட்டகைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். “சின்னப்பாப்பா! பிரம்பக் கீழ போட்டுட்டு வா.”

பிள்ளை அப்பாவைப் பார்த்தது. பாவாடை வாசலை விட்டு ஓரமாய் நகர்ந்து நின்றார்.

சின்னப்பாப்பா பிரம்பைத் தண்ணீர்க் குடத்தின்மேல் வைத்துவிட்டு ஓடிவந்தாள். ஆடு தழையைத் தின்பதுவரை கொட்டகை தானாகவே கத்திப் பார்த்தது. அடுத்த வரியை எடுத்துக்கொடுக்க ஆளில்லை. அங்கங்கே இரண்டு குரல் முனகிவிட்டு அதுவும் நின்றது.

மதிலுக்கு வெளியே டீக்கடை வேலையாள் கண்ணாடி டம்ளரைக் கழுவுவதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கினான். “என்னம்மா, அதுக்குள்ள மணி அடிச்சாச்சா? சத்தத்தையே காணமே?”

அக்குளில் போட்டோவும் இரண்டு கையிலும் இரண்டு பிள்ளைகளுமாகச் சுலோசனா அவனைத் தாண்டி வடக்கே நடந்தாள்.