பாலாய் வெளுத்த குழாய்

1

இந்தக் கதை பரிசோதனைக்கூடத்துக் காத்திருப்பு நாற்காலியில் எனக்குக் கிடைத்தது. உள்ளே யாரோ எரிச்சலாகக் கேட்டார்: "சரக்குல எங்கேம்மா எண்ணெய் இருக்கு?" அந்த ஒரு கேள்வியைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன். மீதி எல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: காலைச் சூரியன் கண்ணாடிக் குழாயில் பட்டு...

(வேண்டாம். சூரியனுக்கு இங்கே என்ன வேலை?)

இரண்டாவது: லேப்காரி ரத்தக் குழாயை இயந்திரத்தில் சுழற்றி எடுத்தாள். சிவப்பு அடியில் தங்கியிருந்தது. மேலே இளமஞ்சளாகத் தெளிந்திருக்க வேண்டிய நீர் பால் மாதிரி வெளுத்திருந்தது. அத்தனையும் கொழுப்பு.* குழாய் அவளுடைய சொந்த அண்ணனுடையது.

(*ட்ரைகிளிசரைடு என்று பெயர். வசனத்தில் வைத்தால் பல்லில் மாட்டுகிறது, கீழே தள்ளிவிட்டேன்.)

3

அண்ணன் பெயின்டர். அவனை வில்லனாக்கத்தான் உட்கார்ந்தேன். படுபாவி, வாயைத் திறந்தாலே சிரிப்பு வருகிறது.

"வெறும் வயித்தோட வரச் சொன்னேனே அண்ணா?"

"ஒரு பருக்கை தொடலை. ராத்திரி கொஞ்சம் ஊத்திக்கிட்டேன். அது சாப்பாட்டுல சேராதே. பொரிச்சதை விட்டே ஒரு மாசம் ஆச்சு, உங்க அண்ணியைக் கேளு."

"எண்ணெயை விட்டே, பாட்டிலை விட்டியா? நீ தினம் குடிக்கிற குடிக்கு ஈரலே கொழுப்பைச் செஞ்சு ரத்தத்துல தள்ளுது. சேர்ந்தது சீக்கிரம் கரையவும் மாட்டேங்குது."

"அப்போ ஈரலைத் திட்டு. என்னை ஏன் திட்டுற?"

[நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.]

"இப்படியே போனா கணையம் வீங்கிடும். அதுல செத்தவங்க இருக்காங்க. எனக்குப் பயமா இருக்குண்ணா. டாக்டர் பக்கத்து ரூம்லதான் இருக்காரு. நீயா திடீர்னு நிறுத்தினாலும் ஆபத்து, அவர்கிட்ட சொல்லித்தான் நிறுத்தணும். வா, நானும் வரேன்."

"குழாய் மாறியிருக்கும். இன்னொண்ணு எடு," என்று கையை நீட்டினான். கை நடுங்கியது. உடனே பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான்.

4

முடிவு அ: அன்றோடு அவன் திருந்தி...

(நம்புகிற மூஞ்சியா அது?)

முடிவு ஆ: மருத்துவமனை வராந்தாவில் தங்கை தனியாக...

(மாட்டேன். அவளை அங்கே உட்காரவைக்க எனக்கு மனசு வராது.)

5

"ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன்," என்று எழுந்துவிட்டான். இடது பக்கம் டாக்டர் அறை, வலது பக்கம் தெரு. சிரிக்கவைத்தே தப்பிப்பது அவன் வழக்கம், என்னை ஏற்கெனவே தாண்டிவிட்டான். இனி வழியில் இருப்பது நீங்கள்தான். ஏதாவது ஜோக் அடிப்பான். நல்ல ஜோக்காகத்தான் இருக்கும். தயவுசெய்து சிரித்துவிடாதீர்கள்.