ஹோய்ட் மாட்டிய போர்டு

ஹோய்ட் சைஸ்மோர் வெர்னாவுக்குத் தர வேண்டிய சம்பள பாக்கி ஆயிரத்து முந்நூற்று நாற்பது டாலர். குளிர்காலத்தில் வியாபாரம் படுத்ததிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துபோனது. கேட்கும்போதெல்லாம், "வர்ற சனிக்கிழமை, மிஸ் வெர்னா, சத்தியமா" என்பார். அந்தச் சனிக்கிழமை மட்டும் வரவே வராது.

வட கரோலினாவில், நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தது அவருடைய கறிக்கடை. விடிய விடிய ஹிக்கரி விறகுக் கனலில் வெந்த பன்றிக்கறியை மரக்கட்டைமேல் போட்டு, இரண்டு கையிலும் வெட்டுக்கத்தி பிடித்துக் கொத்துவது வெர்னாவின் வேலை. எட்டு வருடமாகக் கொத்துகிறாள். மணிக்கட்டு இரும்பாகிவிட்டது. தோள்பட்டைதான் தூங்க விடாது.

அந்த எட்டு வருடமும் அவள் பெண்கள் கழிப்பறைக்குத்தான் போய் வந்தாள். பிறந்தபோது அவளை ஆண் பிள்ளை என்று எழுதியிருந்தார்கள் என்பது ஊருக்குத் தெரியாததல்ல. தெரிந்ததை வாய்விட்டுச் சொல்லாமல் இருப்பதுதான் அங்கே மரியாதை. பண்ணைக்காரர் வீட்டுப் பெண்கள் பக்கத்துக் குழாயில் கை கழுவிக்கொண்டே, "தோள் வலி தேவலையா, மிஸ் வெர்னா?" என்று கேட்பார்கள். விறகு கொண்டுவந்து இறக்கும் ராய்ஸ், அவளைக் கண்டால் தொப்பியைத் தொட்டுவிட்டுத்தான் பேசுவான்.

அந்த வசந்தத்தில் சட்டம் வந்தது. பள்ளிக்கூடத்திலும் அரசாங்கக் கட்டடத்திலும் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடிதான் கழிப்பறைக்குப் போக வேண்டுமாம். கடைக்காரர்கள் அவரவர் இஷ்டம்போல் வைத்துக்கொள்ளலாமாம். அதை எதிர்த்துப் பெரிய கம்பெனிகள் இந்த மாநிலத்தில் இனி ஒரு செங்கல் வைக்க மாட்டோம் என்றன. ஊர்க்கடைகளுக்கும் ஜுரம் பிடித்தது. எதிர்ச்சாரியில் இருந்த இரும்புக்கடைக்காரர் 'இங்கே சட்டப்படிதான்' என்று கண்ணாடியில் ஒட்டினார். ஹோய்ட் ஒரு பலகையில் சிவப்புப் பெயின்டால் எழுதி, இரண்டு கழிப்பறைக் கதவுகளுக்கும் நடுவில் ஆணி அடித்தார்.

'உனக்குப் பொருந்தும் கதவில் போ. வரும்போது கையைக் கழுவு.'

"எப்படி?" என்று சுத்தியலும் கையுமாகச் சிரித்தார்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா, மிஸ்டர் ஹோய்ட்?"

"உனக்காகத்தானே செஞ்சேன்!"

"எட்டு வருஷமா நான் எந்தக் கதவுல போறேன்னு ஒருத்தரும் பார்க்கல. இனிமே எல்லாரும் பார்ப்பாங்க."

"நீ ஒண்ணு. கறி ஆறுது, போய்க் கொத்து."

யாரோ பலகையைப் படம் எடுத்துப் போட, அது ஊர் ஊராகச் சுற்றியது. ராலே, டர்ஹாம் நகரங்களிலிருந்தெல்லாம் கார் கட்டிக்கொண்டு வந்தார்கள். கதவருகே நின்று படம் பிடித்துக்கொண்டார்கள். கல்லா நிறைந்தது. வெர்னா கொத்திக் கொத்தி மாளவில்லை. ஆனால் அவள் கத்தியை வைத்துவிட்டுக் கழிப்பறைப் பக்கம் நடந்தால், சாப்பிடுகிறவர்களின் தலை ஒவ்வொன்றாகத் திரும்பியது. பண்ணைக்காரர் வீட்டுப் பெண்கள் அவள் வந்தால் கை கழுவாமலேயே வெளியேறினார்கள். ராய்ஸ் தொப்பியைத் தொடுவதை நிறுத்தினான்.

சனிக்கிழமை மதியம், கூட்டம் நெரிந்துகொண்டிருந்தபோது அவள் உள்ளே போனாள். முகத்தில் தண்ணீர் அடித்து நிமிர்ந்தாள். கண்ணாடியில் அவளுக்குப் பின்னால் ராய்ஸ் நின்றிருந்தான். வெளியே அவன் தம்பிகள் இரண்டு பேரும் கதவை மறித்துக்கொண்டார்கள்.

"மிஸ் வெர்னா," என்றான் ராய்ஸ், பழக்கதோஷத்தில். அப்படி அழைத்ததே அவனுக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. "மிஸ்ஸாம், மிஸ்! டிவிக்காரன் நம்ம ஊரைக் காட்டிச் சிரிக்கிறான்டா. எல்லாம் உன்னால."

"போர்டு நான் மாட்டல, ராய்ஸ். வழிய விடு. கறி கெடக்கு."

அவன் அவள் கூந்தலைக் கொத்தாகப் பிடித்தான். முகத்தைக் கை கழுவும் தொட்டியின் விளிம்பில் மோதினான். முதல் அடியில் உதடு கிழிந்தது. இரண்டாவதில் பல் இரண்டு கழன்று, வெள்ளைப் பீங்கானில் உருண்டு, வடிகால் ஓட்டையில் போய் நின்றன. அவள் சரிந்ததும் விலாவில் உதைத்தான். பூட்ஸ் முனையில் இரும்பு வைத்திருந்தது.

"எந்திரிடா! ஆம்பளயா எந்திரிச்சு ஆம்பளங்க கதவுல போடா!"

வெளியே ஹோய்ட்டின் குரல் கேட்டது. "விடுங்கடா! விலகுங்கடா!" என்று கத்திக்கொண்டே, அடுப்புக் குழியிலிருந்து கனல் அள்ளிய மண்வாரியோடு ஓடி வந்திருந்தார் கிழவர். கனலை அப்படியே தம்பிகள்மேல் வீசினார். ஒருவன் சட்டை பற்றி எரிய, நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடினான். மற்றவன் மண்வாரியைப் பிடுங்கி, அதன் பிடியாலேயே அவர் நெஞ்சில் இடித்தான். அவர் விழுந்த சத்தம் சுவருக்கு இந்தப் பக்கமும் கேட்டது. ராய்ஸ் கதவைத் திரும்பிப் பார்த்தான்.

அந்த ஒரு கணம் போதுமாக இருந்தது. வெர்னா தவழ்ந்து உள்ளே இருந்த தடுப்பறைக்குள் போனாள். ஃபிளஷ் டேங்கின் பீங்கான் மூடியை இரண்டு கையாலும் தூக்கினாள். கொத்துகிற கை அது. ராய்ஸ் திரும்பும்போது தாடையில் இறக்கினாள். எலும்பு முறிந்த சத்தம் அவள் கைவரைக்கும் வந்தது. மறுபடி ஓங்கித் தோளில் அடித்தாள். மூடி இரண்டாகப் பிளந்தது. கையில் மிஞ்சிய பாதியோடு அவன்மேல் ஏறி நின்றாள். அவன் தொங்கும் தாடையோடு, குழந்தை மாதிரி, கையால் முகத்தை மறைத்தான்.

பீங்கானின் முனை கூராக இருந்தது. கழுத்து திறந்து கிடந்தது. எங்கே வெட்டினால் எப்படிப் பிரியும் என்று அவள் கைக்குத் தெரியும். கை ஓங்கியபடியே நின்றது. பிறகு அந்தத் துண்டைத் தொட்டிக்குள் போட்டாள். வடிகாலில் கிடந்த தன் பற்களைப் பொறுக்கி ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டாள்.

வெளியே வந்தபோது, எஞ்சியிருந்த தம்பி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மண்வாரியைக் கீழே போட்டான். நகரத்துக்காரர்கள் போனைத் தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்தார்கள். படம் பிடித்தார்களே தவிர ஒருவரும் நகரவில்லை. தரையில் கனல் புகைந்துகொண்டிருந்தது. தூரத்தில் ஷெரிஃப் வண்டியின் சைரன் கேட்டது.

ஹோய்ட் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார்.

"உன் நல்லதுக்குன்னு நெனச்சேன், மிஸ் வெர்னா."

"கல்லாவுக்கும்தான்."

"கல்லாவுக்கும்தான்," என்று ஒப்புக்கொண்டார். "போர்டைக் கழட்டிடறேன். இப்பவே கழட்டிடறேன்."

"தொட்டீங்கன்னா கையை ஒடிப்பேன்." பேசப் பேச ரத்தம் தாடையில் வழிந்தது. "மாட்டும்போது என்னைக் கேட்கல. இப்போ சொல்றேன். என் ரெண்டு பல்லு போயிருக்கு அதுக்கு. அது அங்கேயே இருக்கட்டும்."

அவள் கல்லாவைத் திறந்து, ரத்தக் கையாலேயே நோட்டுகளை எண்ணினாள். ஹோய்ட் உட்கார்ந்தபடியே கல்லாவை நோக்கிக் கை காட்டினார்.

"எல்லாத்தையும் எடுத்துக்கோ. ஆஸ்பத்திரிக்கு வேணும்ல."

"என் பாக்கி போதும். ஆஸ்பத்திரிச் செலவை ராய்ஸ்கிட்ட கோர்ட்ல வாங்கிக்கறேன்." எண்ணியதை மடித்து ஏப்ரன் பையில், பற்களோடு திணித்தாள். "ஆயிரத்து முந்நூத்தஞ்சு எடுத்திருக்கேன். கணக்கு தீர்ந்துச்சு."

"நாப்பதுல்ல வரணும்?"

"டேங்க் மூடிய ஒடச்சுட்டேன். அதுக்கு முப்பத்தஞ்சு கழிச்சுட்டேன்."